பினாங்கின் தெருக்களுக்குப் பெயரிட்டோர்

ஒரு நகரத்தின் தெருக்களுக்குப் பெயரிடும் உரிமை அரசாங்கத்தைச் சேர்ந்தது என்றுதான் எந்த நாட்டிலும் கருதப்படுகிறது. ஆனால் பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், மூட்டை சுமந்தவரும், படகு தள்ளியவரும், கல் தச்சரும், செம்பு தட்டியவரும், வட்டிக்கடையில் கணக்கெழுதியவரும், கோயிலுக்குப் பால்குடம் எடுத்துச் சென்ற பெண்களும், எவருடைய அனுமதியையும் எதிர்பாராமல், அவரவர் பாஷையில், அவரவர் காரியத்துக்கு ஏற்றபடி, தெருக்களுக்குப் பெயர் வைத்தபடியே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அதனால் அந்நகரின் பழைய பகுதியில் ஒரே தெருவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும், மலாயில் ஒரு பெயரும், ஹொக்கியன் சீனத்தில் ஒன்றோ இரண்டோ, தமிழில் மற்றொன்றுமாகப் பல பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. இவற்றுள் அரசாங்கம் வைத்த பெயர், ஆள்வோர் யாரைக் கௌரவிக்க விரும்பினார்கள் என்பதைச் சொல்லும். அத்தெருவில் யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால் ஜனங்கள் வைத்த பெயர்களிடம்தான் போக வேண்டும்.

இந்த வழக்கத்தின் சரித்திரத்தை இன்று எழுதப் புகுவதற்கு ஒரு விசேஷமான காரணம் உண்டு. நம் காலத்தில் இணையத்தின் கோடிக்கணக்கான பக்கங்களையும் படங்களையும் தேடிக் கண்டடையும் பொருட்டு, அவற்றைப் படிப்போரே தமக்குத் தோன்றிய குறிச்சொற்களை அவற்றின்மேல் ஒட்டி வைப்பதும், ஒருவர் ஒட்டிய குறியை மற்றவர் பயன்படுத்திக்கொள்வதுமான ஒரு முறை வழக்கத்துக்கு வந்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய ‘டெலிஷியஸ்’ என்ற சேவையும், மறு ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து வந்த ‘ஃபிளிக்கர்’ என்ற படச் சேவையும் அதைப் பரப்பின. தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004இல் அதற்கு ‘ஃபோக்சானமி’, அதாவது ஜனங்கள் செய்யும் வகைப்பாடு, என்று பெயர் சூட்டினார். இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு என்று அக்காலத்தில் பலர் வியந்தனர். கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் கருவிக்கு உயிர் கொடுத்த மனப்பழக்கம் மிகப் பழையது என்பதற்கும், அது எப்படித் தொடங்கி எப்படி நிலைபெறுகிறது என்பதற்கும், பினாங்கைவிடச் சிறந்த சாட்சியை நான் அறியேன்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கில வணிகத் தளபதி கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் தீவைக் கைப்பற்றிக் கொடியேற்றியபோது, தீவுக்கு ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்றும், அதன் முனையில் எழவிருந்த பட்டணத்துக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்றும் பெயர் வைத்தார். காடு வெட்டித் திருத்திய நிலத்தில் நேர்க்கோடுகளாகத் தெருக்கள் போடப்பட்டன. வடக்கே கடலோரம் சென்ற தெரு அவருடைய பெயரையே பெற்று லைட் தெரு ஆயிற்று. மேற்கெல்லையாக அமைந்த தெரு அந்நாளைய இங்கிலாந்துப் பிரதம மந்திரியின் பெயரால் பிட் தெரு ஆயிற்று. உள்ளே ராஜாவுக்கு ஒரு தெரு, ராணிக்கு ஒரு தெரு, மேற்றிராணியாருக்கு ஒரு தெரு என்று வரைபடத்தில் எழுதப்பட்டன. அந்த ராஜாவும் ராணியும் பிரதம மந்திரியும் பினாங்கில் காலடி வைத்தவர்கள் அல்லர். இளவரசரின் பெயரோ தீவின்மேல் ஒட்டவேயில்லை. பழைய மலாய்ப் பெயராகிய பூலாவ் பினாங்குதான் இறுதியில் வென்றது. எதிர்க்கரையில் வாழும் மலாய்க்காரர்கள் ஜார்ஜ் டவுனை இன்றும் ‘தஞ்சோங்’ என்று, நிலமுனையைக் குறிக்கும் சொல்லாலேயே சொல்கிறார்கள். கடலைக் கடந்து வரும் படகுக்காரனின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது மன்னர் அல்ல, முனைதான்.

வரைபடத்தின் தெற்கெல்லைத் தெரு நம்மவரைப் பற்றியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழரை, போர்த்துகீசியரைப் பின்பற்றி ஆங்கிலேயரும் ‘மலபார்’ என்றே அழைத்து வந்ததால், அத்தெரு முதலில் மலபார் தெரு எனப்பட்டது; பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அதுவே சூலியா தெரு ஆயிற்று. சூலியர் என்போர் பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய தமிழர். பெரும்பாலும் மரைக்காயர்களான முஸ்லிம்கள். 1794இல் லைட் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில், இத்தீவில் சுமார் 1,000 சூலியர் நிலையாக இருக்கிறார்கள் என்றும், அக்கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வியாபாரமும் கூலி வேலையும் செய்து நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் குறிப்பிட்டார். இந்த வருகையும் திரும்புதலும் நம் கதைக்கு முக்கியமானவை. பின்னால் மறுபடி அவற்றைத் தொடுவோம். அந்தச் சமூகத்தின் தலைவரான காதர் மொகிதீன், ‘கப்பித்தான்’ என்ற பட்டத்தோடு, 1801இல் கம்பெனியிடம் நிலம் பெற்றுக் கட்டியதே இன்றும் கரிய கும்மட்டங்களோடு நிற்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவிலேயே, நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்காவும் அக்காலத்தை ஒட்டியே எழுந்தது.

அதே தெருவை ஹொக்கியன் சீனர் ‘கூ கான் தாங்’ என்றார்கள். மாட்டுக் கொட்டில் என்பது பொருள். கொட்டிலைக் குறிக்கும் ‘கண்டாங்’ என்ற மலாய்ச் சொல்லைச் சீனர் தம் வாயில் திரித்து, அதன்முன் தம் பாஷையின் மாட்டைக் கட்டிவிட்டார்கள். ஆங்கில அதிகாரி அத்தெருவில் ஒரு ஜாதியாரைக் கண்டார். சீனக் கடைக்காரர் அங்கே கட்டியிருந்த மாடுகளைக் கண்டார். இரண்டும் உண்மை. ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்து இட்ட இரண்டு குறிகள் சேரும்போதுதான் அத்தெருவின் அந்நாளைய தோற்றம் நமக்கு முழுமையாகக் கிடைக்கிறது.

சீனர் வைத்த பெயர்களின் செழுமை உண்மையிலேயே ஆச்சரியம் தருவது. அச்சேயிலிருந்து வந்த பிரபுக்களின் நினைவாக ஆங்கிலேயர் அச்சின் தெரு என்றழைத்த தெருவை, அங்கே கல்லறைக் கற்களையும் தூண்களையும் கொத்திக்கொண்டிருந்த கல் தச்சர்களின் உளிச் சத்தத்தைக் கொண்டு கல் தட்டும் தெரு என்றார்கள். அதை அடுத்து, செம்புப் பாத்திரம் செய்வோர் இருந்த இடத்தைச் செம்பு தட்டும் தெரு என்றார்கள். ஆர்மீனியர் சிலர் குடியேறியதால் அரசாங்கம் ஆர்மீனியன் தெரு என்று பெயரிட்ட தெருவை, அங்கிருக்கும் தம் காவல் தெய்வத்தின் கோயிலைக் கொண்டு ‘புன் தாவ் கோங்’ சந்து என்றார்கள். ஆங்கிலேயரின் சர்ச் தெரு அவர்களுக்கு கீ ஹின் தெரு. ஏனெனில் கீ ஹின் என்ற ரகசிய சங்கத்தின் தலைமையகம் அங்கே இருந்தது. 1867இல் அந்தச் சங்கமும் எதிர்ச் சங்கமும் பத்து நாட்கள் போலத் தெருக்களில் போரிட்டு நகரையே நடுங்க வைத்தன. 1890இல் சட்டம் அத்தகைய சங்கங்களையெல்லாம் கலைத்துவிட்டது; ஆனால் சங்கம் போன பின்னும் தெருவின் மேலிருந்த பெயர் போகவில்லை. முன்ட்ரி தெருவோ, ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்யப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோன்றிய லாம் வா ஈ மருத்துவமனையின் தெருவாகவே வழங்கியது; மருத்துவமனை நகரின் வேறு பகுதிக்கு இடம் மாறிப் பெரிதாக வளர்ந்த பிறகும் அப்பெயர் இடம் மாறவில்லை. கிம்பர்லி தெருவுக்குப் பெயர் சுவாத்தோவ் தெரு. ஆங்கிலேயர் லவ் லேன் என்று ஏதோ காதல் கதையை நினைவூட்டும்படி அழைத்த குறுந்தெருவைச் சீனர், அங்கே குடியிருந்த ஐரோப்பிய ஆசியக் கலப்பினரான செரானியரின் சந்து என்று குறித்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் தொட்டது கம்போங் மலபார் என்ற தெரு. மலபார்க் குடியிருப்பு என்பது அதன் உத்தியோகப் பெயர்; தமிழரோ மலையாளிகளோ ஒரு காலத்தில் அங்கே கூடி வாழ்ந்ததை அது சொல்கிறது. சீனர் அதை ஜப்பான் புதுத்தெரு என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியரின் கடைகளும் விடுதிகளும், வறுமையால் விற்கப்பட்டுக் கப்பலேறி வந்த ஜப்பானியப் பெண்கள் அடைபட்டிருந்த வீடுகளும் அப்பகுதியில் இருந்தன. இன்று அங்கே மலபார்க் குடியிருப்பும் இல்லை, ஜப்பானியரும் இல்லை. இரண்டு பெயர்கள் மட்டும் இரண்டு கூட்டங்களின் வருகைக்குச் சாட்சியாக நிற்கின்றன. ஒரு தெருவுக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்ற விதி கறாராக நடத்தப்பட்டிருந்தால், இவ்விரண்டில் ஒன்று அடியோடு அழிந்திருக்கும்.

நகரம் தெற்கே வளர்ந்தபோது அரசாங்கம் புதுத் தெருக்களுக்குக் கனவான்களின் பெயர்களை வரிசையாகச் சூட்டியது: நூருதீன், பிரஸ்கிரேவ், தை சின், மக்காலம், காட்ஸ், சிசில். சீனத் தொழிலாளர் இதை ஒன்றும் பொருட்படுத்தாமல், மேகசின் சாலையை முதலாவதாக வைத்து, இரண்டாம் ரோடு, மூன்றாம் ரோடு என்று ஏழாம் ரோடு வரை எண்ணிவிட்டார்கள். இந்த வரிசையில் இரண்டாம் ரோடாகிய நூருதீன் தெரு, சூலியா தெருவில் இன்றும் குடும்பக் கல்லறை மண்டபம் நிற்கும் தமிழ் முஸ்லிம் வணிகப் பெருமகனாரான முகமது மெரிக்கான் நூருதீனின் பெயரைத் தாங்கியது. அவருடைய கப்பல்களையும் கொடைகளையும் அறியாத கூலிக்கு ‘இரண்டு’ என்பதே போதுமானதாக இருந்தது. எண்ணால் அழைப்பதில் மரியாதை குறைவுதான். ஆனால் பாஷை தெரியாமல் புதிதாக வந்திறங்கியவன் வழி தவறாமல் வீடு சேர்வதற்கு அதைவிடச் சௌகரியமான முறை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழர் இட்ட பெயர்கள் எவை? மார்க்கெட் தெருவை நம்மவர் கடைத் தெரு என்றார்கள். மல்லிகைப் பூவும் மளிகையும் சேலையும் விற்கும் அத்தெரு, இன்று ‘லிட்டில் இந்தியா’ என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. ஆனால் கடைத் தெரு என்ற பெயரே அதன் பூர்வீகப் பெயர், திருச்சியிலும் தஞ்சையிலும் எந்த ஊரிலும் அத்தகைய தெருவுக்கு நாம் கூசாமல் வைக்கும் பெயர். துறைமுகத்தில் சரக்கேற்றும் தோணிகளில் வேலை செய்தவர்கள் கூடி வாழ்ந்த தெரு படகுக்காரர் தெரு ஆயிற்று. ராணியின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றியும், பினாங்கு தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வைத்திருந்த கிட்டங்கிகளைச் சுற்றியும் ஒரு முழுத் தமிழ்ப் பட்டணமே இயங்கியது. கிட்டங்கி என்பது வெறும் சரக்கறை அன்று. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் சாய்வு மேசையுமாகப் பல செட்டியார்கள் வரிசையாக அமர்ந்து வட்டித் தொழில் நடத்திய இடம். அங்கேயே சமைத்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினார்கள். பினாங்கு தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முந்தின நாளில் தண்டாயுதபாணி வெள்ளி ரதத்தில் புறப்படுகிறார். அந்த ரதம் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் கடல் கடந்து வந்தது.

அந்த ரதம் போய்ச் சேரும் இடம்தான் தமிழர் வைத்த பெயர்களுக்கெல்லாம் மகுடமானது. நகருக்கு மேற்கே, அருவி விழும் மலையடிவாரத்துக்குச் செல்லும் சாலையை ஆங்கிலேயர் வாட்டர்ஃபால் ரோடு என்றார்கள். 1884இல் அங்கே தாவரத் தோட்டம் அமைந்தது. பிற்காலத்தில் மலாயில் பெயர் மாற்றியபோது அச்சாலை தோட்டத்தின் பெயரால் ஜாலான் கெபுன் புங்கா ஆயிற்று. தமிழருக்கு அன்றும் இன்றும் அது தண்ணீர்மலை. முருகன் குன்றுதோறும் ஆடுபவன் என்று நம்பிய ஜனங்கள், தண்ணீரையும் மலையையும் ஒன்றாகக் கண்ட மாத்திரத்தில் அவ்விடத்தை அவனுக்கு உரியதாக்கிவிட்டார்கள். பெயர் வைப்பதற்கு ஒரு கூட்டமும் கூடவில்லை, தீர்மானமும் நிறைவேறவில்லை. ஆயினும் மலேசியா முழுவதிலும் தண்ணீர்மலை என்றால் எந்த ஊர், எந்தக் கோயில் என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

இத்தகைய பெயர் எப்படித் தொடங்குகிறது? முதலில் பெயர் வைப்பவன் ஊருக்காக வைப்பதில்லை, தனக்காகவே வைக்கிறான். நேற்றுப் போன இடத்துக்கு நாளையும் போக வேண்டும். அதை நினைவில் வைக்க ஓர் அடையாளம் வேண்டும். கல் தட்டுகிறார்கள், கோயில் இருக்கிறது, தென்னை மரங்கள் நிற்கின்றன என்று கண்ணில் பட்டதைக் குறித்துக்கொள்கிறான். பிறகு தன் கூட்டாளியிடம் அந்த அடையாளத்தைச் சொல்கிறான். அவனுக்கும் அது பொருந்தினால் பெயர் நிற்கிறது, பொருந்தாவிட்டால் உதிர்ந்துவிடுகிறது. டெலிஷியஸும் இப்படித்தான் பிறந்தது. ஷாக்டர் தாம் சேர்த்து வைத்த ஏராளமான இணைய முகவரிகள் தமக்கே குழப்பம் தந்தபோது, ஒவ்வொன்றின் அருகிலும் தம் நினைவுக்காக ஓரிரு சொற்களை எழுதி வைக்கத் தொடங்கினார். அந்தச் சொந்தக் குறிப்பேட்டைப் பிறருக்கும் திறந்துவிட்டபோது அது பொது நூலகம் போலாயிற்று. ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு பக்கத்தை ஏறக்குறைய நூறு பேர் குறித்து முடித்ததுமே, எந்தச் சொல் எவ்வளவு பங்கு என்ற விகிதம் அநேகமாக நிலைத்துவிடுகிறது என்று காட்டியது. யாரும் யாருக்கும் கட்டளையிடாமலே ஒரு பொது அபிப்பிராயம் உருவாகிறது. தென்னையடி என்று பொருள்படும் ‘இயா கா’, பிட் தெருவின் ஒரு பகுதிக்கு ஹொக்கியன் சீனர் வாயில் நிலைத்தது வேறெப்படி?

வகைப்படுத்துவது வல்லுநரின் வேலை என்று கருதுவோர் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். 1876இல் அமெரிக்கரான மெல்வில் டியூயி அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெட்டிகளாகப் பிரித்தார். சமயங்களுக்கு என்று ஒதுக்கிய பெட்டியில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவத்துக்குக் கொடுத்துவிட்டு, உலகத்தின் மற்றெல்லாச் சமயங்களையும் கடைசி மூலையில் ஒன்றாக அடைத்தார். பெட்டி செய்பவரின் ஊரும் காலமும் பெட்டியில் பதிந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. அந்தக் குறையை உலகில் மிகத் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் சீர்காழியில் பிறந்த தமிழர், சி. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டன் சென்று பயின்றபோது, ஒரு கடையில் குழந்தைகள் சிறு துண்டுகளைப் பலவிதமாகக் கோத்துப் பலவகைப் பொம்மைகள் செய்யும் விளையாட்டைப் பார்த்து, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருள், இடம், காலம் முதலிய முகங்களைத் தனித்தனியே குறித்துக் கோக்கலாமே என்று சிந்தித்தார். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அந்தச் சிந்தனையின் பலன். இன்று ஒரு படத்துக்கு நான்கு குறிச்சொற்கள் இடுகிறவர் அறிந்தோ அறியாமலோ அரங்கநாதனின் வழியில் ஓரடி வைக்கிறார். ஆனால் அவர் கேட்ட ஒழுங்கை நாம் இன்னும் கற்கவில்லை.

நம் இலக்கியத்திலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. புறநானூற்றைத் தொகுத்தவர்கள் பாட்டுகளின் அடியில் திணை இது, துறை இது, பாடியவர் இவர், பாடப்பட்டவர் இவர் என்று குறித்து வைத்தார்கள். இயற்பெயர் மறைந்துபோன குறுந்தொகைப் புலவரைக் கைவிட மனமில்லாமல், அவருடைய பாட்டில் கண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று அழைத்தார்கள். படித்தவர் இட்ட குறியே புலவரை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

ஜனங்கள் வைக்கும் பெயர் எல்லாம் நல்ல பெயர் என்று நான் வாதிக்கவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. கலிங்கத்தின் வழியாகத் தென்னிந்தியரைக் குறித்து மலாயில் நெடுங்காலம் சாதாரணமாக வழங்கிய ‘கெலிங்’ என்ற சொல், பின்னாளில் தெருவிலும் வேலைத்தளத்திலும் இகழ்ச்சியோடு சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டு, இன்று தமிழர் காதில் ஈட்டியாகப் பாய்கிறது. பள்ளிவாசலின் பெயரில் அது கௌரவத்தோடு நிற்பதையும், மனிதனைப் பார்த்துச் சொல்லும்போது புண்படுத்துவதையும் ஒருசேர அறிந்திருப்பது நம் கடமை. பலர் கூடி இடும் குறியில் பலருடைய அன்பு மட்டுமல்ல, பலருடைய துவேஷமும் ஏறும். இணையத்தின் குறிச்சொற்களிலும் இது தினந்தோறும் நடக்கிறது. மேலும், பீச் தெரு ஒன்றையே சீனர் பகுதி பகுதியாகப் பிரித்துப் பல பெயர்களால் அழைத்ததால், நீதிமன்றத்துக்கும் தபால் நிலையத்துக்கும் அப்பெயர்கள் உதவவில்லை. பத்திரம் எழுத ஒரே பெயர் வேண்டும் என்பது நியாயம். அதற்காக மற்றப் பெயர்களைத் துடைத்தெறிய வேண்டும் என்பதுதான் அநியாயம்.

அவை துடைக்கப்படாமல் காத்தவர்கள் சிலர். 1900ஆம் ஆண்டிலேயே லோ மான் யுக் என்ற அறிஞர் பினாங்குத் தெருக்களின் சீனப் பெயர்களைத் திரட்டி, ராயல் ஆசியச் சங்கத்தின் மலாக்கா நீரிணைக் கிளை நடத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். அந்தப் பட்டியல் இல்லையேல் மேலே நான் சொன்னவற்றில் பாதி இன்று ஊகமாகியிருக்கும். 1993இல் கூ சல்மா நசுத்தியோன், ஜார்ஜ் டவுனின் தெருக்களைப் பற்றித் தனி நூலே எழுதி, பல இனத்தவரின் பெயர்களையும் அருகருகே வைத்தார். சூலியரைப் பற்றிப் பின்னர் அவர் எழுதிய பெருநூல் பினாங்குத் தமிழர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டில் மாநில அரசு பாரம்பரியப் பகுதியின் பெயர்ப் பலகைகளில் மலாயோடு சீனம், தமிழ் முதலிய மொழிகளையும் சேர்க்கத் தொடங்கியபோது எதிர்ப்பும் எழுந்தது, பலகைகளும் எழுந்தன. சீனப் பலகைகளில் பல, ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்க்காமல், ஜனங்கள் வைத்த பழைய பெயரையே தாங்கி நிற்பது மிகச் சரியான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு லோ மான் யுக் வாய்க்கவில்லை. இதற்குக் காரணம் நம்மவரின் அலட்சியம் மட்டும் என்று சொல்வது பொருந்தாது. லைட் எழுதியபடி, வந்தவர் திரும்பினர். திரும்பியவர் இடத்தில் வேறொருவர் வந்தார். தங்கி வாழாதவன் வைத்த பெயர் அவன் கப்பலேறும்போது அவனோடு போய்விடும். தங்கியவர்களுக்கும் ஒரு பேரிடி விழுந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பரோடு முடிவுக்கு வந்ததும், பழைய நகரத்தின் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. தெருவில் நடப்பவர் மாறினால் தெருவின் பெயர் ஊமையாகிவிடுகிறது. இணையத்திலும் இதே விதிதான்: 2005இல் யாஹு விலைக்கு வாங்கிய டெலிஷியஸ், கை மாறிக் கை மாறி, 2017இல் புதிய குறிகளை ஏற்பதையே நிறுத்திவிட்டது. லட்சக்கணக்கானோர் கூடிச் சேர்த்த குறிகள் ஒரு முதலாளியின் சொத்தாக இருந்ததால், அவர்களைக் கேளாமலே கதவு மூடப்பட்டது.

ஆதலால் பொதுச் சொத்தான இடத்தில் பொதுப் பெயர்களைச் சேர்ப்பதே விவேகம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற வரைபடத்தை உலகத்தார் யாவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் ஒரு தெருவுக்கு உத்தியோகப் பெயர் ஒன்றோடு நில்லாமல், பழைய பெயர், மாற்றுப் பெயர், உள்ளூர்ப் பெயர், மொழிக்கொரு பெயர் என்று தனித்தனியே குறிக்க இடம் இருக்கிறது, தமிழுக்கும் உண்டு. சூலியா தெருவும் கூ கான் தாங்கும் அங்கே ஒன்றையொன்று தள்ளாமல் நிற்கலாம்.

பினாங்கில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. உங்கள் வீட்டில் கடைத் தெருவிலோ, துறைமுகத்திலோ, தோபி காட்டிலோ, தண்ணீர்மலை அடிவாரத்திலோ வாழ்ந்த தாத்தாவும் பாட்டியும் இருந்தால், அவர்கள் தெருக்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று இந்த மாதமே கேளுங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது. அது எந்த முனையிலிருந்து எந்த முனை வரை வழங்கியது, யார் சொன்னார்கள், ஏறக்குறைய எந்த ஆண்டு வரை சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதியதை வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒரு பிரதியைப் பினாங்கிலுள்ள நூலகம் ஒன்றில் கொடுத்து வையுங்கள். வயது எண்பதைக் கடந்தவர்களிடம் முதலில் போங்கள்.